கைப்பேசி வழி வரும் அந்நியன்

முன்பின் அறியாத ஒருவன் கைப்பேசி விளையாட்டில் உங்கள் பிள்ளையோடு சிநேகம் கொள்ளுகிறான். தானும் மாணவனே என்கிறான். நாளடைவில் அந்தரங்கப் படம் கேட்கிறான். படம் கிடைத்ததும், "பணம் கொடு, இல்லையேல் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுகிறான். அவனுக்குப் பக்கபலம் எது தெரியுமா? வீட்டில் அடி விழுமே என்ற பிள்ளையின் பயந்தான். (கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்களே என்ற பயம் அதனினும் பெரிது!) ஆகையால், "எது நேர்ந்தாலும் சொல், அடிக்கமாட்டோம்" என்று இன்றே சொல்லிவையுங்கள், சொன்ன சொல்லையும் காப்பாற்றுங்கள்.

விபரீதம் நேர்ந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள், மேலும் கேட்பான். வெட்கப்பட்டு அவன் மிரட்டிய செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே பேசுங்கள். பெயர் பத்திரிகையில் வந்துவிடுமோ என்று தயங்கவேண்டாம். 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது.