அவள் பக்கத்துக் கதை
இளம் இயக்குநருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உம்முடைய பிரதியை வாசித்தேன். சிங்களப் பெடியன், தமிழ்ப் பெட்டை, யுத்தம் முடிந்த காலம், மலைநாட்டில் ஒரு சின்ன ரவுண். படம் எடுக்க ஆசைப்படுகிற எல்லாருக்கும் இந்தக் கதை ஒருதரமாவது வரும், பிழையில்லை. ஆனால் உம்முடைய பெண் காதலிக்கிறாள், அழுகிறாள், மன்னிக்கிறாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

பிரசன்ன விதானகேயின் ‘ஒப நதுவ ஒப எக்க’ (2012) படத்தைத் திரும்பவும் பாரும், குறிப்பாகத் தொடக்கத்தை. செல்வி நகையோடு அடைவுகடைக்கு வருகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் சரத்சிறி. விலை சொல்பவன் அவன். காசு தேவைப்படுவது அவளுக்கு. அந்த ஏற்றத்தாழ்வு கலியாணத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் கூடவே இருக்கிறது. வசனத்தில் விளக்கவேண்டிய தேவையே விதானகேக்கு வரவில்லை, அவன் செய்யும் தொழிலே அதைச் சொல்லிவிடுகிறது. உம்முடைய நாயகனுக்கு என்ன தொழில்? ‘தனியார் நிறுவனத்தில் வேலை’ என்று எழுதியிருக்கிறீர். அதை வைத்து ஒரு காட்சிகூட எடுக்க ஏலாது.

அந்தப் படத்தின் மூலம் 1876இல் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய குறுநாவல். ப்ரெஸ்ஸோன் 1969இலும் மணி கௌல் 1990இலும் அதையே படமாக்கினார்கள். குறுநாவலில் கதை சொல்பவன் கணவன் மட்டுமே. மனைவியை நாங்கள் அவன் வாய் வழியாகத்தான் அறிகிறோம். விதானகே அதை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது கணவனை முன்னாள் ஆமிக்காரனாக்கினார், மனைவியை யுத்தத்தில் சகோதரர்களைப் பறிகொடுத்தவளாக்கினார். இப்போது அவள் மௌனத்துக்குப் பின்னால் அவனால் நுழைய முடியாத ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவன் ஆமியில் இருந்தவன் என்பதும் கலியாணத்துக்குப் பிறகே அவளுக்குத் தெரியவருகிறது. உமது நாயகனோ முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு நல்லவனாகிவிடுகிறான். பிறகு படத்துக்கு என்ன மிச்சம்?

இத்தனைக்கும் அந்தப் படம் சரத்சிறியிடம் கொஞ்சம் கூடுதலாகவே சாய்கிறது என்பது என் அபிப்பிராயம். அப்படியிருந்தும், அதிகம் பேசாத செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்குத்தான் அந்த வருடம் கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. பேச்சைக் குறைத்தால் பாத்திரம் சிறுத்துவிடும் என்று பயப்படவேண்டாம்.

இன்னொரு படமும் பாரும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கொலு ஹதவத்த’ (1968). கருணாசேன ஜயலத்தின் நாவலுக்கு ரெஜி சிறிவர்தன திரைக்கதை எழுதினார். பள்ளிக்கூடக் காதல்தான், வேறொன்றும் இல்லை. முதலில் சுகத்தின் கண்ணால் பார்க்கிறோம். தம்மி அவனை ஏன் விலக்குகிறாள் என்று விளங்காமல் அவனோடு சேர்ந்து நாங்களும் தவிக்கிறோம். பிறகு அதே நாட்கள் அவள் பக்கத்திலிருந்து திரும்ப வருகின்றன. முன்பு அலட்சியமாகத் தெரிந்த முகம் அப்போது வேறாகிவிடுகிறது. வில்லன் என்று ஒருவரைக் கொண்டுவராமலே பீரிஸ் இதைச் சாதித்தார்.

நீரும் அதைச் செய்து பாரும். முழுக் கதையையும் அவள் பக்கத்திலிருந்து ஒருதரம் எழுதும். படத்தில் வைக்கவேண்டும் என்றில்லை. காலையில் எழும்பி அவள் யாருக்கு ரெலிபோன் எடுக்கிறாள், எதை அவனுக்குத் தெரியாமல் ஒளிக்கிறாள், சம்பளம் யார் கைக்குப் போகிறது, சிங்களப் பெடியனைக் கட்டினவள் என்று அறிந்தால் தாய் என்ன சொல்லுவாள்? இவை தெரிந்த பிறகு அந்த மன்னிப்புக் காட்சி தானாகவே உதிர்ந்துபோகலாம். போகட்டும்.

இரண்டு பக்கமும் ஏசுவார்கள், அதற்கும் ஆயத்தமாக இரும். விதானகேயின் அந்தப் படத்துக்கே 2014இல் சென்னையில் மிரட்டல் வந்து திரையிடல் நின்றது. படம் பார்க்காமல் ஏசுகிறவர்களுக்காகப் பிரதியில் ஒரு வரியும் மாற்றவேண்டாம்.

ஒளிப்பதிவாளரைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவையும். அவள் பக்கத்துப் பிரதி முடிந்தால் அனுப்பும், கையெழுத்தில் இருந்தாலும் வாசிப்பேன்.

அன்புடன்,
அண்ணன்