கோழிக் கூண்டும் இரவுக் காவலும்

கைத்தறி நெசவாளர், சிறு விவசாயிகள் ஆகியோரின் இல்லங்களில், புழக்கடையில் வளரும் நாட்டுக்கோழி நல்லதோர் உபதொழிலாகும். பாவு கிடைக்காத வாரத்திலும், விளைச்சல் கைக்கு வராத மாதத்திலும், முட்டை விற்ற காசே பல வீடுகளில் உப்புக்கும் புளிக்கும் உதவுகின்றது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்மணியின் சொந்த வருவாயாகவும் இருக்கின்றது. அவ்வருவாயை ஒரே இரவில் அழிக்கவல்ல பிராணிகளைப் பற்றியும், அவற்றைத் தடுக்கும் முறைகளைப் பற்றியும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. நஷ்டத்தின் அளவு

நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகளே இடும். அடைகாக்கும் காலம் 21 நாட்கள். குஞ்சுகள் தாயின் சிறகை விட்டுப் பிரிய மேலும் பல வாரங்கள் ஆகும். அடையிலிருக்கும் கோழியைக் காட்டுப்பூனை கவ்விச் சென்றால், போவது கோழி ஒன்று மட்டுமன்று. அதன் கீழிருந்த பத்துப் பன்னிரண்டு முட்டைகளும், அவற்றிலிருந்து வரவேண்டிய அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போகின்றன. சங்கத்தில் கடன் பெற்றுக் கோழி வாங்கிய அங்கத்தினருக்கு மேலும் ஒரு துன்பம் உண்டு. கோழி போய்விடும்; கடன் தவணை போகாது.

2. பகைவர் யாவர்?

பகலில் வருபவை கீரி, பருந்து, வல்லூறு, காகம். பின்னைய மூன்றும் பெரும்பாலும் குஞ்சுகளையே குறிவைக்கும். இரவில் வருபவை மரநாய், காட்டுப்பூனை, குள்ளநரி, பெருச்சாளி. பாம்பும் தெருநாயும் எந்நேரத்திலும் வரக்கூடும்.

தடயத்தைக் கொண்டு பகைவனை ஒருவாறு அறியலாம். ஓடும் இன்றி முட்டை மறைந்தால் பாம்பை ஐயுறலாம். வலை கிழிந்து, பல கோழிகள் தின்னப்படாமலே இறந்து கிடந்தால், பெரும்பாலும் அது நாயின் வேலை. கூரை ஓடு விலகியிருந்தால் மரமேறும் மரநாயை நினைக்கலாம். சுவரடியில் புதிய வளை தெரிந்தால் பெருச்சாளியையோ கீரியையோ கருதலாம்.

3. அமெரிக்கர் கற்ற பாடம்

வட அமெரிக்காவில் ரக்கூன் என்னும் பிராணி உண்டு. அதன் முன்னங்கால்கள் மனிதர் கைபோல் விரல்கள் நீண்டவை. இரவில் வந்து சாதாரணக் கொக்கியைத் திறந்துவிடும். அகன்ற கண்ணுள்ள வலைக்குள் கைவிட்டுக் கோழியைப் பற்றி இழுக்கும். இதனால் அந்நாட்டுக் கோழி வளர்ப்போர் இரண்டு உண்மைகளைக் கற்றனர். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது என்பது ஒன்று. ஒரே அசைவில் திறக்கும் கொக்கி காவலாகாது என்பது மற்றொன்று. ரக்கூன் நம் ஊர்களில் இல்லை. எனினும் அதனைத் தடுக்கும் கூண்டு, நம் மரநாயையும் கீரியையும் தடுக்கும்.

4. கூண்டு அமைக்கும் முறை

பத்துக் கோழிகள் இரவில் தங்க 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள கூண்டு போதும். அதனைத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்களின் மேல் நிறுத்துக. பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையைப் பொருத்துக. கண் பெரிதானால் எது நுழையும் என்பதை, அச்சின் நெருக்கம் அறிந்த நெசவாளருக்கு விளக்க வேண்டுவதில்லை. காற்றோட்டத்திற்கென விடும் திறப்புகளையும் இவ்வலையாலேயே மூடுக. கதவுக்குக் கொண்டியும், அதன் நாதாங்கியில் மாட்டும் ஒரு வளைந்த கம்பியும் தேவை.

கொட்டில் தரையோடு அமைந்திருப்பின், சுவரைச் சுற்றி வெளிப்புறமாக ஓர் அடி அகலத்திற்கு வலையைத் தரைமீது கிடத்தி, மேலே கற்களைப் பரப்புக. சுவரின் அடியிலேயே தோண்டத் தொடங்குவது இப்பிராணிகளின் இயல்பு. அங்கு வலை தடுத்தால் தோண்டுவது கடினமாகிவிடும்.

5. அன்றாட ஒழுங்கு

சிறந்த கூண்டும் திறந்து கிடந்தால் பயனில்லை. விளக்கேற்றும் நேரத்தில் தறியில் அமர்ந்திருப்போர் கூண்டை மறப்பது இயல்பு. ஆகவே குடும்பத்தில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்று, எண்ணிப் பார்த்து அடைக்க வேண்டும். மாலையில் சிந்திய தீனியைக் கூட்டிவிடுக. அது எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுக. சிறு குஞ்சுகளைப் பகலில் பஞ்சாரத்தின் கீழ் வைத்தல் நன்று.

6. செய்யத் தகாதவை

விஷம் வைத்தல் கூடாது. அது அண்டை வீட்டு ஆட்டையும் குழந்தையையும் கொல்லக்கூடும். வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவது மனித உயிருக்கே ஆபத்து, சட்டப்படி குற்றமுமாகும். கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி ஆகியவற்றை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. மேலும் கீரி வயலில் எலியைத் தின்று நமக்கு நன்மையும் செய்கின்றது. ஆதலால் அதனைக் கொல்வதன்று, கூண்டில் நுழையாது தடுப்பதே நம் கடமை.

7. கூட்டு முயற்சி

நல்ல வலையின் விலை தனியொரு குடும்பத்திற்குப் பாரமாகத் தோன்றலாம். ஐந்து குடும்பங்கள் ஒரு சுருளைச் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்து கொண்டால், சில்லறையாக வாங்கும் செலவு குறையும். ஒருவர் கொல்லையில் உணவு கிட்டாத பிராணி அடுத்த கொல்லைக்குச் செல்லும். தெரு முழுவதும் கூண்டுகள் திருந்தினால்தான் எல்லோருக்கும் பாதுகாப்பு.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

அ. உங்கள் கூண்டில் அரை அங்குலத்திற்கு மேற்பட்ட திறப்புகள் எங்கெங்கே உள்ளன?

ஆ. கடந்த ஓராண்டில் உங்கள் தெருவில் எத்தனை கோழிகள், எந்நேரத்தில், எவ்வழியாகப் பறிபோயின?

இ. கூண்டை அடைக்கும் பொறுப்பு உங்கள் இல்லத்தில் யாருடையது?