வகுப்பறையில் யோகமும் மன ஒருமைப்பாடும்

கல்வி என்பது ஏட்டறிவை வளர்ப்பது மட்டுமன்று. அறிவைப் பெறும் மனத்தைப் பண்படுத்துவதும் ஆகும். இந்நோக்குடன் தில்லி அரசு, 2018 ஜூலையில், தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ‘மகிழ்ச்சிப் பாடத்திட்ட’த்தைத் தொடங்கியது. சில நிமிட அமைதியுடன் தொடங்குமாறு அப்பாடவேளை அமைக்கப்பட்டது. மாணவர் தம் மூச்சின் போக்கையும் சுற்றிலும் எழும் ஒலிகளையும் கூர்ந்து கவனித்தனர். கதையும் கலந்துரையாடலும் தொடர்ந்தன. இதற்குத் தேர்வு வகுக்கப்படவில்லை.

எனினும், இதன் பயனை மிகைப்படுத்துதல் பொருந்தாது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவரிடையே நடத்தப்பெற்று 2022இல் வெளியான ஆய்வு, இத்தகைய பயிற்சி வழக்கமான பள்ளிமுறையைவிட மாணவரின் மனநலத்தை உயர்த்தவில்லை எனக் காட்டியது. பெரும்பாலோர் வீட்டில் அதனைப் பயிலவில்லை. ஆனால், ஆசிரியரின் பணிச்சோர்வு ஓரளவு குறைந்தது.

எனவே, ஆசிரியர் சிலவற்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். பயிற்சி சுருக்கமாக அமைதல் நலம். கண்களை மூடத் தயங்கும் குழந்தையை வற்புறுத்தலாகாது. அது தரையையோ கரும்பலகையையோ நோக்கியிருக்கலாம். மதிய உணவு உண்டவுடன் ஆசனங்களும், சிறார்க்கு மூச்சையடக்கும் பயிற்சியும் தவிர்க்கத்தக்கவை. அமைதியைத் தண்டனையாக விதித்தல் கூடாது. முதற்கண் ஆசிரியரே பயின்றிருத்தல் வேண்டும்.

பசித்த குழந்தைக்கு மூச்சுப்பயிற்சி உணவாகாது. நெரிசல் மிகுந்த வகுப்பறையின் குறையை ஆசனம் தீர்க்காது. அடிப்படை வசதிகளுடன் இணையும்போதே இப்பயிற்சி பயன் நல்கும்.