நீர் இறைக்கும் சிறு எஞ்சினை நிறுவுதலும் பழுது காணலும்

கோடையில் ஒரு நாள் இறைப்புத் தவறினும் வெங்காயமும் மிளகாயும் வாடத் தொடங்கும். அந்நாளில் எஞ்சின் நின்றுவிட்டால் கமக்காரர் அடையும் நட்டம் பெரிது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சினும் பம்பியும் சரியாக நிறுவப்பட்டால், தோன்றும் கோளாறுகளிற் பலவற்றைத் தோட்டத்திலேயே கண்டு நீக்கலாம்.

இடம் அமைத்தல்

குழாயினூடே நீரை மேலே தள்ளுவது வளியின் அமுக்கமே. கடல் மட்டத்தில் அது தாங்கும் நீரின் உயரம் ஏறக்குறைய 34 அடியாகும். உராய்வு முதலிய இழப்புகள் கழிய, நடைமுறையில் 20 முதல் 25 அடி வரையே உறிஞ்சலாம். ஆகவே பம்பியைக் கிணற்றின் விளிம்பிற்கு அருகே, உறுதியான சமதரையில் வைத்தல் வேண்டும். எஞ்சின் சாய்ந்து நின்றால் ஒயில் உறுப்புகளுக்குச் சரிவரச் சேராது.

உறிஞ்சுகுழாய் இயன்ற அளவு குறுகியதாயும், பம்பியை நோக்கி இடைவிடாது ஏறிச் செல்வதாயும் இருத்தல் வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்றுத் தங்கிவிடும். குழாயின் நுனியிலுள்ள அடிவால்வும் சல்லடையும் நீர்மட்டத்திற்கு ஓரடியேனும் கீழே நிற்றல் வேண்டும், சேற்றிலும் படியலாகாது.

கிணற்றினுள் எஞ்சின் ஆகாது

வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்குவோர் உளர். இது உயிருக்கு இறுதியாகும். எஞ்சினின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றினுள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் தம் நிலையை உணருமுன் மயங்கி விழுவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இதற்குப் போதாது. இவ்வாயு இருக்கும் காற்றிலும் விளக்கு எரியும்.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், அவரைத் தூக்கவென மற்றொருவர் இறங்குதல் கூடாது. அவரும் அவ்வாறே வீழ்வார். எஞ்சின் மேலே ஓடினால் அதனை நிறுத்தி, அயலாரை அழைத்து, 1990 என்னும் எண்ணில் அம்புலன்சையும் வரவழைத்தல் வேண்டும். நீர் 25 அடிக்குக் கீழே போய்விட்ட கிணற்றுக்கு, நீரில் அமிழ்ந்து வேலைசெய்யும் மின்பம்பியே ஏற்றது.

இயக்கும் முறை

1. ஒயில் மட்டத்தைப் பார்க்க.
2. பம்பியையும் உறிஞ்சுகுழாயையும் நீரால் நிரப்பி மூடியை இறுக்குக. நீரின்றி ஓடும் பம்பியின் அடைப்பு வெந்து கெடும்.
3. பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக.
4. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. இல்லையேல் காபரேற்றரில் தங்கும் மண்ணெண்ணெய் மறுநாள் தொடங்குதலைத் தடுக்கும்.

கோளாறும் பரிகாரமும்

எஞ்சின் தொடங்காமை: எரிபொருள் உண்டா, அதன் திருகு திறந்துள்ளதா எனப் பார்க்க. பின் பிளக்கைக் கழற்றுக. அது நனைந்திருந்தால் துடைத்து உலர்த்துக. கரி படிந்திருந்தால் சுரண்டுக. பிளக்கை அதன் கம்பியோடு பொருத்தி, எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தோன்றுதல் வேண்டும். சிந்திய பெற்றோல் அருகில் இருக்கும்போது இதனைச் செய்யலாகாது. பொறி இருந்தும் தொடங்காவிடின், காபரேற்றரின் கிண்ணத்தில் நீரோ தூசியோ தங்கியிருக்கலாம்.

சிறிது ஓடி நின்றுவிடல்: தாங்கியின் மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டால் எரிபொருள் இறங்காது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்க. ஓடினால் துவாரத்தைச் சுத்தம் செய்க.

வெண்புகை: எஞ்சின் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியமை பெரும்பாலும் காரணமாகும்.

ஒயில் மட்டம் உயர்தல்: எரியாத மண்ணெண்ணெய் ஒயிலிற் கலந்துள்ளது. ஒயில் மெலிந்து தேய்மானம் மிகும், உடனே மாற்றுக.

எஞ்சின் நன்கு ஓடியும் நீர் வராமை: எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் உறிஞ்சுகுழாயைச் சோதிக்க. எஞ்சினை நிறுத்திக் குழாயை நீரால் நிரப்பி, சிறிது நேரம் விடுக. நீர் இறங்கினால், மூட்டுகளில் கசிவு உண்டா என முதலில் நோக்குக. கசியும் மூட்டு, ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். அதன் றப்பரை மாற்றி, கிளிப்பை இறுக்குக. மூட்டுகள் உலர்ந்திருந்தும் நீர் இறங்கினால் அடிவால்விற் கல்லோ சருகோ சிக்கியிருக்கும். நீர் இறங்காவிடின் சல்லடை அடைபட்டிருக்கலாம், அல்லது கிணற்று நீர் 25 அடிக்குக் கீழே தாழ்ந்திருக்கலாம்.

இறைக்கும் அளவு

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே நீருக்கு எல்லையாயிருந்தது. எஞ்சினுக்குக் களைப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில், நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால் உவர்நீர் அத்தகைய அளவில் மேலெழ இடமுண்டு. ஆகவே பயிருக்கு வேண்டிய அளவு இறைத்ததும் எஞ்சினை நிறுத்துக. ஊற்று மீள ஊறியபின் மறுபடி இறைக்க. நீர் உவர்க்கத் தொடங்கினால் அன்றைய இறைப்பை விடுக. பழுதான எஞ்சினைத் திருத்தலாம். உவர்த்த கிணறு நன்னீராகப் பல மாரிகள் செல்லலாம்.