மூலத்தைப் பாராத மேற்கோள்

எம்.ஃபில். பட்டத்திற்காகச் சிலப்பதிகாரத்தின் காலம் குறித்து நான் எழுதிய ஆய்வேடு ஒரு பருவம் பிந்தியதற்கு என் சோம்பலே காரணமென்று சொல்வார் எங்கள் துறையில் இன்றும் உளர். உண்மையான காரணம் ஒரேயொரு வாக்கியம்.

சேரன் செங்குட்டுவன் காலத்தைத் துணிவதற்கு இலங்கைக் கயவாகுவை ஆதாரமாகக் கொள்ளும் முறை, கனகசபைப் பிள்ளை 1904-இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குப் பின் பெருவழக்காயிற்று. உரைபெறு கட்டுரையிலும் வரந்தரு காதையிலும் வரும் பெயரை மகாவம்சத்து மன்னனோடு பொருத்திப் பார்ப்பதே இவ்வாதம். எங்கள் துறையின் பழைய ஆய்வேடுகளோ இன்னும் ஒருபடி சென்று, கயவாகு கண்ணகிக்குக் கோயில் எடுத்த செய்தியையே மகாவம்சம் கூறுவதாக எழுதி, ஒன்றுக்கு ஒன்று சான்றாக அடிக்குறிப்பில் நின்றன. அவற்றையே மாதிரியாகக் கொள்ளுமாறு எனக்குக் கட்டளை.

நான் மகாவம்சத்திற்குக் கெய்கர் செய்த 1912-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைத் தேடியெடுத்து 35-ஆம் அதிகாரத்தைப் படித்தேன். அம்மன்னன் 22 ஆண்டுகள் ஆண்டதும், தாயின் விருப்பப்படி விகாரம் எடுத்ததும், அபயகிரித் தூபத்தைப் பெரிதாக்கியதும் அங்கே உண்டு. செங்குட்டுவனைப் பற்றியோ பத்தினித் தெய்வத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பத்தினியின் சிலம்புகளை அவன் கொணர்ந்ததாகக் கூறுவது, பல நூற்றாண்டுகள் பிந்திய இராஜாவலிய என்னும் சிங்கள நூல்.

ஆகவே மகாவம்சம் அவ்வாறு கூறுகிறதென்னும் வாக்கியத்தை என் ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன். "இத்தனை பேர் எழுதியதை நீ ஒருவன் மறுக்கிறாயா?" என்றார் நெறியாளர். "ஐயா, நூலைத் தாங்களே பாருங்கள்" என்று பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் பார்க்கவில்லை. வாக்கியத்தை மீண்டும் சேர்த்தாலன்றிக் கையொப்பம் இல்லையென்ற நிலையில், நான் சேர்க்க மறுத்தேன்; பருவம் கழிந்தது. அம்மறுப்பில் எனக்கு இன்றளவும் வருத்தமில்லை.

ஆகவே ஆய்வேடு எழுதப் புகும் உங்களுக்கு நான் வற்புறுத்துவது, மூலநூல் எதிரில் திறந்திருக்க, முதலில் அடிக்குறிப்பை எழுதி, அது தாங்கும் அளவிற்கே மேலே வாக்கியத்தை அமைக்க வேண்டுமென்பது. "கூறுகிறது" என்று எழுதுமிடமும் "கருதலாம்" என்று எழுதுமிடமும் இதனால் தாமே பிரிந்துவிடும். முதற்படியில் நான் தாராளமாய் வழங்கியிருந்த "ஐயத்திற்கிடமின்றி", "உலகமே வியக்கும்" முதலிய ஆடம்பரங்கள் இவ்வொரு பழக்கத்தாலேயே உதிர்ந்தன. மாறான அபிப்பிராயங்களையும் மறையாமல் வையுங்கள்: சுவாமிக்கண்ணுப் பிள்ளை கிரக நிலைகளைக் கணித்து கி.பி. 756 என்று கொண்டதையும், வையாபுரிப் பிள்ளை காப்பியத்தைப் பிற்காலத்ததாக மதித்ததையும் நான் உடன்படாமலே விரிவாக எழுதினேன். என் இயல்களுள் உறுதியானது அதுவே. துணைநூற்பட்டியல், தட்டச்சு, ஓர அளவு முதலியவை விதிப்படி நடப்பவை. அவற்றிற்கு அஞ்ச வேண்டா.

முன்னுரையை இறுதியில் எழுதுங்கள். உங்கள் நெறியாளரும் முதலிலேயே கேட்பார்; கொடுத்துவிட்டால், பின்னர்க் கண்டறிவதையெல்லாம் அதற்கேற்ப வளைக்கும் நிர்ப்பந்தம் வந்துசேரும்.

அப்பழைய ஆய்வேடுகள் எங்கள் துறை நூலகத்தில் திருத்தமின்றியே இருக்கின்றன. அவற்றை ஏற்றுப் பட்டமளித்தவர்களே ஒரு பிழைதிருத்தத் தாளை உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். நான் எழுத்துமூலம் கேட்டதற்கு விடை வரவில்லை. அவற்றை எடுப்போர் மகாவம்சத்தின் 35-ஆம் அதிகாரத்தையும் உடன் எடுத்துக்கொள்க.