இனிப்பு மேசையும் கடற்பாசியும்



நம் ஆயர் தாவார் வட்டாரத்துக் குடும்பங்களும் இந்நாளில் ஈப்போவிலோ லூமுட்டிலோ உள்ள தங்கும் விடுதிகளில் நடைபெறும் விருந்துகளுக்குச் செல்கின்றன. அங்கே பந்தி பரிமாறுதல் இல்லை. வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். இதனைப் பஃபே என்பர். சிறுவர்களின் கண்கள் முதலில் நாடுவது இனிப்பு மேசையையே. அதில் தவறொன்றுமில்லை.

தட்டைக் கையில் எடுக்குமுன் அம்மேசையை ஒருமுறை சுற்றி வருதல் நன்று. ஒருபுறம் நமக்குப் பழக்கமான பண்டங்கள் இருக்கும். தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் ஊற்றிய சவ்வரிசி, கறுப்புப் புளுட் அரிசிக் கஞ்சி, கூய் தாலாம் ஆகியவை அவை. கள்ளிறக்கும் அதே தென்னம்பாளையில் வடியும் இனிப்பு நீரைக் காய்ச்சி எடுப்பதே குலா மலாக்கா. அதன் மணத்திற்கு ஈடாக அம்மேசையில் வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை. மறுபுறம் மூஸ், பன்னாகோட்டா போன்ற மேல்நாட்டுப் பண்டங்கள். இவற்றை உறையச் செய்வது எது?

நம் வீடுகளில் விழாக்காலத்தில் காய்ச்சும் அகார் அகார், கடற்பாசியிலிருந்து கிடைப்பது. அப்பெயர் மலாய்ச் சொல். அறிவியல் உலகமும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டது. ஜெலட்டினோ விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பன்னாகோட்டாவிலும் விடுதிகளில் செய்யும் பலவகை மூஸிலும் இது சேர்வதுண்டு. மாட்டிறைச்சியை விலக்கிய குடும்பத்தார் இங்கே கருத்தூன்ற வேண்டும். ஹலால் முத்திரையைக் கண்டதும் கவலை நீங்கியதாகச் சிலர் எண்ணுகின்றனர். பன்றியிலிருந்து பெற்றதன்று என்பதற்கு அம்முத்திரை உறுதி; மாட்டிலிருந்து பெற்றதன்று என்பதற்கு அது உறுதியாகாது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தில் விளங்கும். ஜெலட்டின் நம் உடற்சூட்டிலேயே உருகுவதால் நாவில் வைத்ததும் கரைகிறது. உறைந்த அகாரோ ஏறத்தாழ 85 பாகை செல்சியசில்தான் உருகும்; ஆகவே அதனைப் பல்லால் கடித்தே உண்கிறோம்.

இவ்வேறுபாடு மருத்துவ உலகிற்கே உதவியது. செருமானிய அறிஞர் ராபர்ட் காக்குடன் பணியாற்றிய வால்டர் ஹெஸ் என்பார், கிருமிகளை ஜெலட்டின்மீது வளர்க்க முயன்றார். வெப்பத்தில் அது நீராகி ஆய்வைக் கெடுத்தது. 1881ஆம் ஆண்டில் அவர் மனைவி ஃபானி ஹெஸ், அகாரைப் பயன்படுத்தலாமே என்றார். அம்மையார் அதனை எங்கே அறிந்தார்? ஜாவாவில் வாழ்ந்திருந்த ஓர் அண்டைவீட்டார் வழியாக. அதுவும் இனிப்புச் செய்வதற்காக! இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை அகார்மீது வளர்க்கின்றனர். நம் அடுப்படிப் பொருளுக்குக் கிடைத்த பெருமை இது.

மேசைக்குத் திரும்புவோம். உண்டபின் நாவால் அறிவதைவிட, உண்ணுமுன் வாயால் கேட்பதே முறை. “இதில் ஜெலட்டின் உண்டா? எதிலிருந்து எடுத்தது?” என்று பணியாளரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ பணிவுடன் கேட்கலாம். நாணம் வேண்டா. அவருக்குத் தெரியாவிடின் சமையற்காரரைக் கேட்டுவரச் சொல்லலாம். அதுவரை, முட்டை உண்போர்க்கு முட்டையால் உறைந்த கேரமல் கஸ்டர்ட் இருக்கிறது. மற்றோர்க்கு அரிசிமாவால் உறைந்த கூய் தாலாம் இருக்கிறது. முந்திக்கொண்டால் சவ்வரிசியும் கிடைக்கும்.