ஏசிக்குள் ஓடும் ஆயிலை வெளிச்சம் விட்டு அளக்கும் வேலை

காஞ்சிபுரம் ஓரிக்கையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகள் அசெம்பிளி லைனோடு நின்றுவிட வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொடங்கிய ஆலையும் கார் செய்கின்றன. கும்மிடிப்பூண்டியில் ஏசியும் கம்ப்ரஸரும் செய்ய 2023-ல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் 1,891 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியில் டைகினும் புளூஸ்டாரும். இந்த மாதிரித் தொழில்களுக்குப் பின்னால் சோதனைக்கூடங்கள் உண்டு. அங்கே அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு மூலை, ஏசியின் குளிரூட்டும் கேஸோடு எவ்வளவு ஆயில் சுற்றுகிறது என்று சொல்லும் ஆப்டிக்கல் சென்ஸார்.

கம்ப்ரஸருக்கு உயிர் ஆயில்தான். ஆனால் அதில் கொஞ்சம் கேஸோடு கிளம்பி பைப் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பும். வீட்டு ஏசியில் ஒரு சதவீதம் அளவில், கார் ஏசியில் அதைவிட அதிகமாக. திரும்பி வராவிட்டால் கம்ப்ரஸர் ஜாம். அளவுக்கு மீறிச் சுற்றினால் காயிலுக்குள் படலமாகப் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஓடும்போது ஆயில் பைப்பிலேயே தங்கிவிடும் தொல்லை வேறு.

இதை அளக்கப் பழைய வழி, லிக்விட் லைனிலிருந்து ஒரு சிலிண்டரில் பிடித்து, கேஸை மெல்ல வெளியேற்றி, மிஞ்சிய ஆயிலை எடை போடுவது. முடிவு வருவதற்குள் மெஷின் வேறு நிலைக்குப் போயிருக்கும். வெளிச்சம் உடனுக்குடன் சொல்லிவிடும். ஆயிலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, திரவ நிலையில் உள்ள கேஸுக்கு 1.2-ஐ ஒட்டி. ஒரு சதவீதம் ஆயில் கலந்தால் கலவையின் எண் சுமார் 0.002 ஏறும். அந்தச் சின்ன ஏற்றத்தைப் பிடிப்பதுதான் வேலை. ஜப்பானின் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தில் லேசரை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேட்க எளிது. ஆனால் வெயிலில் நிற்கும் மெஷினில் கண்டன்ஸரைத் தாண்டிய இடத்தில் 25 பாருக்கு மேல் அழுத்தம், கண்ணாடி ஜன்னல் கசியக்கூடாது. ஒரு குமிழி குறுக்கே வந்தாலும் ரீடிங் தாறுமாறாகும். எல்லாவற்றையும்விட வெப்பநிலை: கேஸ் 3 டிகிரி சூடானாலே, ஒரு சதவீத ஆயில் குறைந்ததைப் போல எண் இறங்கிவிடும். டெம்பரேச்சர் சென்ஸாரைப் பக்கத்திலேயே வைக்காமல் ஆப்டிக்ஸ் பற்றிப் பேசுபவரை நான் நம்ப மாட்டேன்.

கம்ப்ரஸர் அடியில் ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடி முனை சென்ஸாரிலும் ஒரு பொறி உண்டு. 45 டிகிரி முனையைச் சுற்றி வெறும் ஆவி இருந்தால் எல்.இ.டி. வெளிச்சம் முழுதாகத் திரும்பிவிடும். ஆயில் மூடினால் வெளியே போய்விடும். ஆனால் அங்கே கேஸ் திரவமாகத் தேங்கினாலும் வெளிச்சம் வெளியேதான் போகும். சென்ஸார் ‘ஆயில் இருக்கிறது’ என்று அடித்துச் சொல்லும், உள்ளே பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். இன்டர்வியூவில் இந்த ஒன்றை விளக்கினாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் பழக கேஸ் வேண்டாம். ஏசியில் வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் போதும். மைக்ராஸ்கோப் சிலைடு மூன்றை முக்கோணமாக ஒட்டி, அடியை அடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். லேசர் பாயின்ட்டரை அதன் வழியே 3 மீட்டர் தள்ளிய சுவரில் விழவைத்துப் புள்ளியைக் குறியுங்கள். கண் லேசரின் பாதையில் வரக்கூடாது. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சர்க்கரை கரைத்து மாற்றி ஊற்றினால் புள்ளி ஐந்தாறு மில்லிமீட்டர் நகரும். இப்போது சர்க்கரை இல்லாத, முதலில் ஊற்றியதைவிட 10 டிகிரி சூடான தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் குறித்த புள்ளியிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரம் எதிர்ப்பக்கம் நகரும். சுவருக்குப் பதில் போட்டோடயோடை வைத்து, டெம்பரேச்சரைக் கழித்து, இரண்டு வாரக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தச் சான்றிதழையும்விட அந்த நோட்டு அதிகம் பேசும்.

படிப்பு? இரண்டு வருட ஐ.டி.ஐ. ஏசி மெக்கானிக் முடித்தவருக்குக் கேஸ், வேக்கம், பிரேஸிங் கைவந்திருக்கும், எலக்ட்ரானிக்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்ஸ்ட்ருமென்டேஷன், இ.சி.இ. படித்தவர்கள் பெரும்பாலும் பைப்புக்குள் ஓடுவதைப் பார்க்கும் சைட் கிளாஸையே நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் ஒரு கோடைக்காலம் கையைக் கறைப்படுத்திக்கொள்வது நல்லது. என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் குளிர்சாதனப் பாடம் இலவசம். மேலே படிக்க நினைத்தால் மேலக்கோட்டையூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., சென்னை ஐ.ஐ.டி. இரண்டும் தொலைவில் இல்லை.

‘ஆயில் சென்ஸார் டிசைனர்’ என்று வேலை விளம்பரம் வராது. டெஸ்ட் இன்ஜினியர், வேலிடேஷன், கேலரிமீட்டர் லேப் என்று தேடுங்கள். உள்ளே போனதும் ஆயில் அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சிலிண்டரில் பிடித்து எடை போடுகிறோம் என்றால், உங்கள் நோட்டை அங்கேயே திறக்கலாம்.